"நாங்க" என்று சொன்ன வாய்

அன்னக்கொடி மலையாளம் பேசினால், கோட்டயம் பக்கமா என்று மலையாளிகளே கேட்பார்கள். கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்தில் தொழிலாளர் லயத்தில் பிறந்து, மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்து, கல்யாணத்துக்குப் பிறகுதான் போடிக்கு இறங்கி வந்தவள். காலையில் அதே தோட்டங்களுக்குப் போடிமெட்டு ஏறும் ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்து இடம் அவளுக்குத்தான். மற்ற பெண்கள் பின்னால் புளிமூட்டையாக நெருக்கிக்கொண்டு வருவார்கள், ஒருத்தியும் முணுமுணுத்ததில்லை. மேலே போனால் அவர்களுக்கு வாய் அவள்தானே! அந்த வேலையை நம்பித்தான் அவள் வீட்டு அடுப்பும் எரிந்தது.

"எனக்குத் தலை சுத்துது" என்று ஒருத்தி சொன்னால், அன்னக்கொடியும் "எனக்கு" என்றே மலையாளத்தில் சொல்வாள். தலை சுற்றுவது யாருக்கு என்று பழைய சூப்பர்வைசருக்குத் தெரியும். சொல்கிற வாய் ஒன்று, சொல்லுக்குச் சொந்தக்காரி வேறு. இதை யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த நம்பிக்கை இல்லாமல் அவளால் வாயே திறந்திருக்க முடியாது.

புதிதாக வந்த சூப்பர்வைசருக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. அன்றைக்குக் காய் எடுக்கச் சொன்ன காட்டில் முந்தின சாயங்காலம்தான் மருந்து அடித்திருந்தார்கள். வாடை மூக்கைத் துளைத்தது. போன தடவை கை முழுக்கத் தடித்துப்போன ஒச்சம்மாள்தான் முதலில் கொதித்தாள். அன்னக்கொடிக்கு அவள் கூடப் பிறக்காத குறைதான்.

"ஈரம் காயாம நாங்க இறங்க மாட்டோம்னு சொல்லுடி! தைரியமாச் சொல்லு, நாங்க இருக்கோம்ல."

அன்னக்கொடி சொன்னாள். ஒச்சம்மாளின் கோபத்தில் துளியும் குறைக்காமல் சொன்னாள்.

அந்த ஆளின் முகம் சிவந்தது. அவளை விட்டுவிட்டு மற்றவர்களைப் பார்த்து, காட்டுப் பக்கம் கையை நீட்டினான். இறங்குவீர்களா, மாட்டீர்களா? அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

ஒச்சம்மாள் அன்னக்கொடியைக் கைகாட்டினாள்.

"நாங்க ஒண்ணும் சொல்லல சார். அவதான் சொன்னா."

பொய் என்று எப்படிச் சொல்வது? சத்தம் வந்தது அன்னக்கொடியின் வாயிலிருந்துதான். சொல் யாருடையது என்பது ஒச்சம்மாளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தேதான் கைகாட்டினாள்.

நாளையிலிருந்து உனக்கு வேலை இல்லை, இதை அவர்களிடமும் சொல் என்றான் சூப்பர்வைசர். அதையும் அவள்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

"நாளையில இருந்து எனக்கு வேலை இல்லையாம்."

"அய்யய்யோ! அப்படிப் பண்ணாதீகன்னு அவருகிட்ட வெரசாச் சொல்லுடி," என்று பதறினாள் ஒச்சம்மாள்.

"சொல்றேன். யாரு சொன்னதாச் சொல்லட்டும்?"

ஒச்சம்மாள் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, முதல் ஆளாகக் காட்டுக்குள் இறங்கினாள்.