முந்தானையில் விழுந்த அரிசி

மகள் பிழைத்தால் மடிப்பிச்சை எடுத்து, அந்த அரிசியில் சிறுவாச்சூர் அம்மனுக்கு மாவிளக்குப் போடுவதாக வேண்டியிருந்தேன். பிழைத்துவிட்டாள். டீச்சரான நான் தெருவில் கேட்பதா? கூச்சம் என்று சொல்லி ஒரு வருடம் தள்ளினேன். கடைசியில், தெரிந்தவர்கள் யாரும் பார்க்காதபடி பூலாம்பாடிக்குப் போய் ஒரு கதவைத் தட்டினேன்.

திறந்தவள் எங்கள் பள்ளியைப் பெருக்கும் செல்வி. அவள் எந்த ஊர் என்றுகூட நான் கேட்டதில்லை. விரித்திருந்த முந்தானையைச் சட்டென்று சுருட்டப் பார்த்தேன்.

"ஆத்தாளுக்குத்தானே டீச்சர்? நல்லா விரிச்சுப் புடிங்க, சிந்திடப் போவுது." இரு கையாலும் அள்ளிப் போட்டாள். "பாப்பா நல்லாருக்குல்ல? நானும் வேண்டிக்கிட்டேன்."

கூச்சம் என்று நான் சொல்லிவந்தது வெறும் கர்வம் என்று அந்த வாசலில்தான் உறைத்தது. மனசு லேசாகிவிட்டது. அடுத்த வாசலில், "மடிப்பிச்சை போடுங்கம்மா!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டேன்.