ஆண்கள் அடுக்கில் கிடைத்த என் வாசனை

எங்கள் வீட்டில் வந்த முதல் மனஸ்தாபத்துக்குக் காரணம் ஒரு வாசனை.

அப்போது நான் ஜோகூரின் தெப்ரா பகுதியில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், 'கிளீன் ரூம்' என்று நாங்கள் சொல்லும் தூசி புகாத அறையில் வேலை பார்த்தேன். தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு, முகக்கவசம், கையுறை. கண்கள் மட்டும்தான் வெளியே தெரியும். பவுடர் கூடாது, மை கூடாது, தலையில் பூ கூடாது. செண்டு கூடவே கூடாது.

என் கணவரின் அக்கா எங்களோடுதான் இருக்கிறார். அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். தினமும் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்குப் போய், ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் நிற்பவர். அவருக்குச் செண்டு என்றால் உயிர். காலையில் அவர் படியிறங்கிப் போன பிறகும் கூடத்தில் அவர் நின்றுகொண்டிருப்பதுபோலவே இருக்கும்.

ஒருநாள் உடை மாற்றும் அறை வாசலில் என் மேற்பார்வையாளர் என்னை நிறுத்திவிட்டார். "பெர்ஃப்யூம் போட்டிருக்கியா?" நான் போடவில்லை. என் சட்டை அண்ணியின் துப்பட்டாவோடு ஒரே கொடியில் தொங்கியிருந்தது, அவ்வளவுதான். குளித்து வேறு உடை மாற்றி வா என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்த கோபத்தில் அண்ணியிடம், "உங்க துணிய தனியா காயப் போடுங்க அண்ணி, என் வேலைக்கே வேட்டு வெச்சிரும் போல" என்றேன்.

"சரிம்மா" என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து வீட்டில் எந்த வாசனையும் இல்லை. பேச்சும் குறைந்துபோனது. அரிசி தீர்ந்துவிட்டது, கேஸ் வரவில்லை என்பதைத் தாண்டி நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

சில வருடங்கள் இப்படியே போயின. போன வருடம் என்னைக் கிளீன் ரூமிலிருந்து வெளியே மாற்றினார்கள். பொருள் அனுப்புகிறவர்களோடு பேசும் பிரிவு; மேசை, நாற்காலி, கூட்டங்கள். மேலாளர் சொல்லி முடித்ததும் என் மனதில் முதலில் வந்தது சம்பளமோ பதவியோ இல்லை. இனிமேல் செண்டு போடலாம்! கார் நிறுத்துமிடத்தில் தனியாக நின்று சிரித்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

அன்று மாலையே அண்ணியின் அறைக்கதவைத் தட்டினேன்.

"அண்ணி, எனக்குச் செண்டு வாங்கணும். எதுவும் தெரியாது. கூட வர்றீங்களா?"

கதவை அகலத் திறந்தார். பிறகு முகம் முழுக்கச் சிரிப்பு. கையைப் பிடித்து உள்ளே இழுத்து, துணி அலமாரியின் கீழ் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே வரிசையாக அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புட்டி.

"ஏன் பெட்டியோடயே வெச்சிருக்கீங்க? கண்ணாடி முன்னாடி அடுக்கினா எவ்ளோ அழகா இருக்கும்!"

"வெளிச்சம் பட்டா கெட்டுப் போயிரும்மா. சூடும் ஆகாது. பாத்ரூம் இன்னும் மோசம், ஒரு நேரம் வெந்நீர் ஆவி, ஒரு நேரம் ஈரம். இருட்டா, குளிர்ச்சியா, ஒரே மாதிரி இருக்கணும். மூடிய நல்லா அழுத்தி மூடணும்."

"நீங்க போடுறதையே விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

"யாரு விட்டா? ஹோட்டலுக்குப் போய் யூனிஃபார்ம் மாத்துறப்ப போட்டுக்குவேன். வீட்டுக்கு வர்றதுக்குள்ள போயிரும்."

என் வேலைக்காக, தன் வாசனையை எல்லைக்கு அந்தப் பக்கமே வைத்துவிட்டு வந்துகொண்டிருந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ஒரு புட்டியை எடுத்து முகர்ந்தேன். "மூடியில மோந்தா என்ன தெரியும்? வா, ஞாயித்துக்கிழமை கடைக்குப் போலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பேரங்காடி திறக்கும் முன்பே வாசலில் நின்றோம். நான் அதுவரை அந்தக் கவுண்டர்களை வேகமாகக் கடந்துபோய்த்தான் பழக்கம்; துணியில் எதுவும் ஒட்டிவிடக் கூடாதே. அன்று நேராக நடுவில் போய் நின்றேன். விற்பனைப் பெண் நீட்டிய வெள்ளை அட்டைகளை ஒவ்வொன்றாக முகர்ந்தேன். ஒன்று எலுமிச்சை, ஒன்று ரோஜா, ஒன்று புத்தம்புது தோல் செருப்பு. நான்காவதில் எல்லாம் ஒன்றாகக் கலந்து தலை கிறுகிறுத்தது.

"போதும், நிறுத்து" என்றார் அண்ணி. "உன் முழங்கை மடிப்ப மோந்து பாரு. உன் வாசனைய மோந்தா மூக்கு தெளிஞ்சிரும்." செய்தேன். தெளிந்தது!

எனக்கு அந்த ரோஜா பிடித்திருந்தது. மணிக்கட்டில் அடித்து, பழக்கமில்லாததால் இன்னொரு மணிக்கட்டில் வைத்துத் தேய்க்கப் போனேன். அண்ணி என் கையைத் தட்டிவிட்டார். "தேய்க்காத லா! அதுவா காயட்டும். இப்ப முடிவும் பண்ணாத. முதல்ல வர்றது சும்மா வணக்கம் சொல்றது. பேச்சு பின்னாலதான் வரும்."

சாப்பிடப் போனோம். தோசை வருவதற்குள் என் ரோஜா சோப்பு ஆகிவிட்டது. சட்னி தொடும்போது பழைய சோப்பு. அதே செண்டை அண்ணியும் போட்டிருந்தார். அவர் மணிக்கட்டை இழுத்து முகர்ந்தேன். மழைக்குப் பிறகு பூத்த தோட்டம் மாதிரி இருந்தது.

"இது எப்படி அண்ணி? ஒரே புட்டி!"

"தோல் வேற, சூடு வேற, வேர்வை வேற. அதான் மத்தவங்க வாசனையப் பாத்து வாங்கக்கூடாது."

இதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. அப்படியானால் என் தோலுக்கென்று ஒன்று எங்கோ இருக்கத்தானே வேண்டும்! தோசையைப் பாதியில் விட்டுவிட்டுக் கடைக்கு ஓடினேன். அண்ணி பின்னால் கத்திக்கொண்டே வந்தார். மல்லிகை போட்டேன், தலைவலித்தது. வெனிலா போட்டேன், கேக் கடை. முழங்கை உட்புறம் வரை இடம் தீர்ந்துவிட்டது. கடைசியில் தவறிப்போய்ப் பக்கத்து அடுக்கிலிருந்து கறுப்பு மூடி போட்ட ஒரு நீளமான புட்டியை எடுத்து அடித்துவிட்டேன். ஆரஞ்சுத் தோலை நகத்தால் கிள்ளியதுபோல் ஒரு சீறல். அதற்குள் மிளகு. சரி, இதுவும் போகும் என்று விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினோம்.

கார் நிறுத்துமிடத்தின் வெக்கையில் அது மாறியது. ஆரஞ்சு அடங்கி, வெயிலில் காய்ந்த மரப்பலகையின் இதமான மணம் மேலே வந்தது. இரவுச் சாப்பாட்டின்போதும் இருந்தது. மறுநாள் காலை தலையணையில் மெல்லிசாக மிச்சமிருந்தது. எழுந்ததும் அண்ணியின் கதவைத் தட்டி, தூக்கக் கலக்கத்தில் இருந்தவரின் மூக்குக்கு நேரே கையை நீட்டினேன். முகர்ந்தார். கண் விரிந்தது.

"அலமாக்! அடேயப்பா, இது நீதான்!"

வாங்கி வந்த பிறகுதான் கணவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, "இது ஆம்பளைங்க செண்டு லா!" என்றார். அண்ணி, "பெட்டியில எழுதியிருக்கிறத உன் தோலு படிக்குமா?" என்று கேட்டார். கணவர் பெட்டியைக் கீழே வைத்தார். அடுத்த வாரம் அவர் சட்டையில் அதே மணம். கேட்டால், சும்மா பாத்தேன் என்றார்.

நானோ பைத்தியமாகிவிட்டேன். காலையில் குளித்ததும், ஈரம் முழுக்கக் காயுமுன், கழுத்தடியிலும் முழங்கை மடிப்பிலும் ஒவ்வொரு தடவை. ஈரத் தோலில் நின்று பிடிக்கும் என்று கண்டுகொண்டேன். கூட்டங்களுக்கு முன்னால் இன்னொரு முறை போடலாமே என்று புட்டியைக் காரின் முன்பெட்டியில் வைத்தேன். அங்கேதான் தப்பு. எங்கள் தொழிற்சாலையில் கூரையில்லாத திறந்தவெளியில்தான் நிறுத்த வேண்டும். மதியத்தில் ஸ்டீயரிங்கைத் தொட முடியாது. சில வாரம் கழித்து ஒருநாள் அடித்தேன், நகச்சாயம் அழிக்கிற தண்ணீர் போல மூக்கில் குத்தியது. ஆரஞ்சே இல்லை.

அண்ணியிடம் கொண்டுபோய் நீட்டினேன். நிறத்தைப் பார்த்தார், இளமஞ்சளாக இருந்தது தேநீர் நிறமாகியிருந்தது. "காரிலயா வெச்ச? ஜோகூர் வெயில்ல? சமைச்சிட்டியே!" என்று தலையில் கை வைத்தார். பிறகு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதே செண்டைச் சின்னப் புட்டியாக மீண்டும் வாங்கினேன். அண்ணி தன் இழுப்பறையில் ஒரு ஓரத்தைக் காலி செய்து கொடுத்தார். கைப்பைக்கு மட்டும் விரல் நீள ஸ்ப்ரே ஒன்று; அதில் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு, தீர்ந்தால் நிரப்புவேன்.

சாஆ என்ற சிற்றூரில் கணவரின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் வந்தது. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே காரில் போகும்போதே அண்ணி மடியில் ஒரு பை. அதற்குள் ஈரத்துணி சுற்றிய டப்பாவில் விரல் நீள ஸ்ப்ரேக்கள், அவருடைய இழுப்பறையிலிருந்து நிரப்பியவை. "எதுக்கு அண்ணி இத்தனை?" என்றேன். "பாரேன்" என்றார்.

மண்டபத்தில் தாலி கட்டி, பந்தி முடிந்து, கைகழுவும் இடத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள். கணவரின் அத்தை ஒருவர் என் பக்கம் குனிந்து, "என்னம்மா போட்டிருக்க? இவ்வளவு நேரமாவா நிக்குது?" என்று கேட்டார். அவ்வளவுதான், அண்ணி பையைத் திறந்துவிட்டார்.

கைகள் நீண்டன. வளையல் போட்டவை, மருதாணி போட்டவை, கறிவேப்பிலை நறுக்கின மணம் இன்னும் போகாதவை. "யாரும் தேய்க்காதீங்க! காயவிடுங்க! அடுத்தவங்க கையையும் மோந்து பாருங்க!" என்று அண்ணி ஹோட்டல் குரலில் உத்தரவு போட, நான் அடித்துக்கொண்டே போனேன். ஒரே ரோஜா, சித்திக்குத் தேன் மாதிரி, மணப்பெண்ணின் தோழிக்குப் பச்சை இலை மாதிரி, எனக்கு வழக்கம்போல் சோப்பு. ஒருவர் கையை இன்னொருவர் பிடித்து முகர்ந்து, கூச்சல், சிரிப்பு. பல வருடமாகப் பேசாமலிருந்த இரண்டு பேர் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு, "உனக்கு நல்லா இருக்கு" "இல்ல உனக்குத்தான்" என்று வாதாடியதை நான் கண்ணால் பார்த்தேன். என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்த மாப்பிள்ளையின் அப்பாவும் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்.

திரும்பி வரும்போது இருவருக்கும் தொண்டை கட்டிவிட்டது. அண்ணி பையைக் குலுக்கிப் பார்த்தார். எல்லாம் காலி. முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, அடுத்த ஞாயிறு கடைக்குப் போக வேண்டியதுதான் என்று நானே சொன்னேன்.

மறுநாள் காலை அண்ணி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், கூடம் முழுக்க அவர் வாசனை. தொலைபேசி அடித்தது. சாஆவிலிருந்து அந்த அத்தை.

"எம்மா, இன்னும் கையில இருக்குதும்மா! நான் இன்னும் குளிக்கவே இல்ல!"