நாகையாவின் இரண்டு ராகு காலங்கள்

துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் நாகையாவைத் தெரியாதவர்கள் குறைவு. மதித்தவர்கள் அதைவிடக் குறைவு. துறைமுகக் கிடங்கில் ஆட்கள் வருகிற நேரத்தைக் குறிக்கிற குமாஸ்தா அவர். இரண்டு நிமிடம் பிந்தியவன் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் கோடு இழுத்தே இருபத்திரண்டு வருடத்தை ஓட்டிவிட்டார். அந்தச் சிவப்புப் பேனா ஞாயிற்றுக்கிழமைகூடச் சட்டைப்பையை விட்டு இறங்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு பிறந்த அன்று அரசாங்கம் நாட்டின் கடிகாரங்களை அரை மணி முன்னால் தள்ளியது. ஊர் ஒரு வாரத்தில் அதை மறந்தது. நாகையா மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு என்று பஞ்சாங்கம் சொன்னால், இனிமேல் அது ஐந்திலிருந்து ஆறரை என்று கோயிலில் போய்ச் சண்டை பிடித்தார்.

"கவர்மென்ட்டு கடிகாரத்தத்தான் தள்ளுச்சு. ராகுவையுமா தள்ளுச்சு, சாமி?"

பூசாரி விபூதித் தட்டை நீட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்.

நாகையாவின் மனைவி நல்லம்மாளுக்குப் பக்கத்து ஊரான மேருவில் புதிதாகத் திறந்த கையுறை ஆலையில் வேலை கிடைத்திருந்தது. கடிதம் வந்து மூன்று வாரம். அதில் கையெழுத்துப் போட்டுச் செவ்வாய்க்கிழமை காலை நேரில் கொடுக்காவிட்டால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். நாகையாவுக்கு வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லை, சரி என்று சொல்ல மனமுமில்லை. "நல்ல நேரம் பாத்துப் பேசுவோம்" என்றார். மூன்று வாரத்தில் ஒரு நல்ல நேரமும் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

இதற்கிடையில் அவருடைய பெரிய குமாஸ்தா குடும்பத்தோடு ஏரிப் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்கிவந்து ஒரு வாரம் அதையே பேசினார். நாகையாவுக்குப் பொறுக்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கு முந்தின திங்கட்கிழமை பொதுவிடுமுறை; அதற்கு முந்தின ஞாயிறன்று, கிடங்குக் கிளப்பில் ஒரு கூடாரத்தை இரவல் வாங்கிக்கொண்டு மனைவியோடு புறப்பட்டார். நல்லம்மாள் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

பூங்காவைச் சேர்ந்தபோது மணி நாலு நாற்பது. காவலாளி கன்னையா ஓடி வந்தான்.

"அண்ணே, மலைப் பக்கம் கறுத்துக்கிட்டு வருது. டென்ட்ட சட்டுனு அடிங்க லா. பத்து நிமிசம் போதும்."

நாகையா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "வேணாம்" என்றார்.

"உங்க கணக்குல அஞ்சு மணிக்குத்தானே ராகு காலம்?" என்றாள் நல்லம்மாள். "இன்னும் இருவது நிமிசம் இருக்கே?"

"என் கணக்கு சரிதான். ஆனா... ஒருவேள பூசாரி சொல்றதும்... ரெண்டு ராகு காலமும் கழியட்டும். ஆறரைக்கு மேல அடிப்போம்."

பத்து மாதம் கோயிலையே எதிர்த்து நின்ற மனிதருக்குத் தன் கணக்கை நம்பி ஒரு முளையைத் தரையில் இறக்கத் துணிச்சல் வரவில்லை. அரிந்த கத்தரிக்காயில் புழுவைக் கண்டதுபோல நல்லம்மாள் அவரைப் பார்த்தாள்.

ஐந்தேகாலுக்கு மழை கொட்டியது. பாய் நனைந்தது, ரொட்டி கூழானது. நாகையா மரத்தடியில் குந்தி, சுருட்டிய கூடாரத்தைப் பிள்ளைபோல மடியில் அணைத்துக்கொண்டார்.

"அண்ணே, டென்ட்டுக்குள்ள நீங்க இருக்கணும்" என்று கத்தினான் கன்னையா. "உங்க மடியில டென்ட்டு இருக்கு!"

நல்லம்மாள் அதை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். கன்னையா முளை அடிக்க, அவள் கயிற்றை இழுத்துக் கட்டினாள். கூடாரம் நின்றது. உள்ளே போய் உட்கார்ந்தாள்.

"நீங்க வரல?"

"ராகு காலத்துல அடிச்சது. நான் வரமாட்டேன்."

"அப்ப அந்தப் பேனாவக் குடுங்க."

எதற்கென்று கேட்காமலே நீட்டினார். உள்ளே காகிதம் சரசரத்தது.

"என்ன எழுதுற?"

"ஃபேக்டரி லெட்டர்ல கையெழுத்துப் போட்டேன். செவ்வாக்கெழம காலையில ஏழு மணிக்கு பஸ்ஸு."

"ஐயையோ! ராகு காலத்துலயா போட்ட? உருப்படுமா?"

"எந்த ராகு? உங்களோடதா, பூசாரியோடதா?"

வெளியே நாகையா கைக்கடிகாரத்தின் ஈரத்தைத் துடைத்து மணி பார்த்தார்.

ஒரு நிமிடம் முன்னாலும் இல்லாமல், பின்னாலும் இல்லாமல், சரியாக ஆறரைக்கு நாகையா குனிந்து உள்ளே வந்தார்.

"பேனா எங்க?" என்றார்.

அன்று அவர் தயங்காமல் கேட்டது அது ஒன்றைத்தான். நல்லம்மாள் கொடுத்தாள். வாங்கி, நனைந்த சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.