பழி சுமந்த பரங்கிக்கொடி

போன ஞாயிற்றுக்கிழமை ஆவடியிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தாள். ஹால் மூலையில், சாக்கின் மேல் உட்கார்ந்திருந்த பரங்கிக்காயைப் பார்த்து, “அட, நம்ம மாடியில காய்ச்சதா?” என்று ஆசையாகக் காம்பைப் பிடித்துத் தூக்கப் போனாள்.

“காம்ப விடு!”

கத்தியது என் வீட்டுக்காரர். அதிர்ந்து பேசாத மனுஷர். மகள் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் தாலி கட்டி முடிந்த பிறகு வந்து சேர்ந்தபோதுகூட, “வாங்க, டிபன் சாப்பிடுங்க” என்றுதான் சொன்னார்.

நியாயம் அவர் பக்கம்தான். காம்பு ஒடிந்தால் அந்த இடத்தில் அழுகல் இறங்கும். காம்பு இருந்தால் மாதக்கணக்கில் கெடாது. அதனால் நாலு விரற்கடை காம்பு விட்டு வெட்டி, தண்ணீர் படாமல் துடைத்து, மாடி நிழலில் பத்து நாள் கிடத்தி, பிறகுதான் ஹாலுக்குக் கொண்டுவந்தார். தினமும் ஒரு தடவை அடிப்பக்கம் தடவிப் பார்ப்பார். என் முழங்கால் வலிக்கு இவ்வளவு விசாரிப்பு நடந்ததில்லை.

ஒரு காய்க்கு இத்தனை உபசாரமா என்று கேட்பீர்கள்... ஒரே ஒரு காய் என்பதால்தான்.

இவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் இருந்து ரிட்டயர் ஆனவர். அடுத்தவர் செய்த பொருளில் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. வீட்டுக்கு வந்த முதல் ஆறு மாதம் என் சமையலை இன்ஸ்பெக்ஷன் செய்தார். பிறகு அதையும் விட்டுவிட்டு, ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். குறை சொன்னபோது வந்த கோபத்தைவிட, சொல்லாமல் இருந்தபோது வந்த பயம் பெரியது.

ஆகவே ஐப்பசியில் எங்கள் ஐயப்பன்தாங்கல் வீட்டு மொட்டை மாடியில், பெரிய பையில் மண் நிரப்பி அவர் பரங்கி விதை ஊன்றியபோது நான் மூச்சுவிடவில்லை. “ஒரு காயாவது நானா உண்டாக்கிப் பார்க்கணும்” என்றார். ரொம்ப நாள் கழித்து அவர் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம் அது.

கொடி கைப்பிடிச்சுவரைத் தாண்டி ஓடியது. மார்கழி பிறந்ததும் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. காய்தான் இல்லை.

விசாரணை தொடங்கியது. முதல் சந்தேகம் அணில் மேல். அடுத்தது தேனீ மேல் — வருவதேயில்லையாம். மூன்றாவது ஏழுமலை. தெருக்கோடி காலி மனையில் மூன்று மாடு வைத்து எங்களுக்குப் பால் ஊற்றுகிறவர்; உரத்துக்குச் சாணம் கொடுத்தவரும் அவரே. “உன் மாட்டுச் சாணத்துல சத்தே இல்லப்பா” என்று இவர் நேராகவே சொல்லிவிட்டார். ஏழுமலை பால் தூக்கை எடுத்துக்கொண்டு போனார்.

இந்தப் பக்கம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? மார்கழி மாதம் வாசலில் கோலம் போட்டால் நடுவில் சாண உருண்டை பிடித்து பரங்கிப் பூ வைக்க வேண்டாமா? “ரெண்டு பூ பறிச்சுக்கட்டுமா?” என்று முதல் நாளே கேட்டேன். “பூதானே, எடுத்துக்கோ” என்றார். அவர் வாக்கிங் முடித்து மாடி ஏறுவது ஏழு மணிக்கு. நான் ஐந்தரைக்கே ஏறிவிடுவேன்.

சில பூ சாணத்தில் நிற்காமல் சாயும். சிலதுக்கு மட்டும் அடியில் கோலிக்குண்டு போல ஓர் உருண்டை இருக்கும். அழுத்தினால் கம்பீரமாக நிற்கும். அப்படிப்பட்டதாகப் பார்த்துப் பறித்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை இவர் தீர்ப்பு சொன்னார். “எல்லாம் ஆண் பூ. ஒரு பெண் பூகூட இல்ல. இது ஆண் செடி. ஞாயித்துக்கிழமை புடுங்கிடறேன்.” சொல்லிவிட்டு மறுபடியும் ஃபேனுக்குக் கீழே போய் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை பால் ஊற்ற வந்த ஏழுமலை, வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இன்னாமா இது... பிஞ்செல்லாம் கோலத்துல கீது?”

“பிஞ்சா?”

“அடில குண்டா கீது பாரு, அதாம்மா பொட்டப்பூவு. அதான் காயாவும். ஒல்லிக் காம்பா கீறது ஆம்பளப்பூ, அத்த வையி. நீ இத்தப் பறிச்சிகினு... அவுரு என் மாட்டத் திட்டிகினு கீறாரு!”

“ஏழுமலை, சார்கிட்ட சொல்லிடாதீங்க.”

அவர் கோலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நான் இன்னாத்துக்குமா சொல்லப்போறேன்?” என்று பாலை ஊற்றிவிட்டுப் போனார்.

நான் அன்றே இவரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டாமா? வேண்டும்தான். மனசாட்சியைப் பற்றி இந்தப் பத்திரிகைப் பத்தியில் எத்தனை வாரம் எழுதியிருக்கிறேன்! பறிப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கத்தியோடு மாடிக்குப் போனவர், போன வேகத்தில் இறங்கி வந்தார். “ஏய்... பெண் பூ! பெண் பூ பூத்திருக்கு!” மறுபடி ஓடிப்போய், ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தொட்டுத் தொட்டு வைத்தார். நாலைந்து நாளில் மூன்று பிஞ்சு பிடித்தது. இரண்டு பிஞ்சிலேயே பழுத்து உதிர்ந்தது. ஒன்று தங்கியது. மாசியில் தோல் இறுகி, நகம் வைத்தால் இறங்காத பதம் வந்து, காம்பும் காய்ந்த பிறகு வெட்டினார். நாலே கால் கிலோ. நான் அழுதுவிட்டேன். சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டில் ஒன்று நடக்கவில்லையென்றால் நாம் அணிலைப் பார்ப்போம், ஆகாயத்தைப் பார்ப்போம், பால்காரரைப் பார்ப்போம்... நம் வீட்டு வாசலை மட்டும் பார்க்கமாட்டோம்.

நேற்று இவர் ஏழுமலையிடம் பெருமையாகச் சொல்கிறார்: “இப்பத்தான்ப்பா உன் சாணம் சரியாயிருக்கு.” அந்த மனுஷர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, “ஆமா சார், தீவனத்த மாத்திட்டேன்” என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இன்று காயை அறுத்தாயிற்று. ஒரு பெரிய பத்தை ஏழுமலைக்கு என்று எடுத்து வைத்திருக்கிறேன். இன்னொரு விஷயம்: நான் பேப்பரில் பேனாவால் எழுதுகிறவள். அதைக் கம்ப்யூட்டரில் அடித்துப் பத்திரிகைக்கு அனுப்புவது, ரிட்டயர் ஆன நாளிலிருந்து, இவர்தான். ஒற்றுப்பிழை திருத்துவார், கருத்து எதுவும் சொல்லமாட்டார்.

ஏங்க, இதுவரைக்கும் அடிச்சாச்சா? அந்தப் பத்தையை எடுத்துட்டுப் போய் ஏழுமலைகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க... என்னைத் திட்டுறதை அப்புறம் வச்சுக்கலாம்.