இராசதுரை மையத்தில் எழுதிய வரிகள்

சீதேவியின் வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பத்துத் தரம் வருகிற சட்டம் ஒன்றுதான்: மையக் கோப்புறைக்குள் கை வைக்காதே.

ஓர்ஸ் ஹில் வீட்டிலிருந்து அவளும் புருஷன் இராசதுரையும் ஆதம்பாவாவின் பலசரக்குக் கடைக்கு இணையக் கடை நடத்தினார்கள். வெளிநாடு போன பிள்ளைகள் மூதூரில் இருக்கும் தாய் தகப்பனுக்கு அரிசி, பால்மா கேட்பார்கள்; ஆதம்பாவா அனுப்பிவைப்பார். கடையின் மென்பொருள், யாரும் இலவசமாக எடுத்துத் திருத்தலாம் என்று திறந்துவிட்ட ஒன்று. நிரல் மூன்று கோப்புறைகளில் இருந்தது. மையத்தில் அதைச் செய்தவர்கள் எழுதியது, பொதுவில் ஊர் உலகம் எழுதிப் பகிர்ந்தது, உள்ளூரில் நாமாக எழுதுவது. மென்பொருள் எதையும் முதலில் உள்ளூரில்தான் தேடும். அங்கே இல்லாவிட்டால் பொதுவில், கடைசியில்தான் மையத்தில். புதிய பதிப்பு வந்தால் மையம் முழுக்க அழிந்து புதிதாகும். உள்ளூரை அது தொடாது.

இராசதுரைக்கும் இதெல்லாம் தெரியும். தெரிந்து என்ன, எதையும் பிறகுக்குத் தள்ளும் மனுசனுக்கு எல்லாம் 'பேந்து செய்வம்'தான். பொருள் கேட்டு வந்து பத்து நாளில் போய்ச் சேராத கட்டளையை மென்பொருள் தானாகவே ரத்துச் செய்துவிடும். மூதூர்ப் பாதையோ சண்டையால் நினைத்தபோதெல்லாம் பூட்டுப்படும். பாதை பூட்டென்றால் முப்பது நாள் காத்திரு என்று நாலு வரியை அவர் நேரே மையத்துக்குள் எழுதினார். சீதேவி இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

"எல்லாத்தையும் உள்ளூருக்கு எடுத்து வைச்சிட்டன். இனியெண்டாலும் கதையும்" என்றார் மூன்றாம் நாள். அவள் கதைத்தாள்.

2008 ஆடியில், சீனன்குடாவில் யாரோ ஒருவரின் கணினியைத் திருத்தப் போன இராசதுரை திரும்பவில்லை. பக்கத்து ஊரான கப்பல்துறையில் அவருடைய சைக்கிள் மட்டும் கிடந்தது. பொலிஸ், முகாம் என்று சீதேவி ஏறி இறங்காத படியில்லை. எல்லா இடத்திலும் பெயரை எழுதிக்கொண்டு அனுப்பினார்கள்.

ஐப்பசியில் மென்பொருளின் பழைய பதிப்பில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறதென்று அறிவித்தல் வந்தது. உடனே மாற்றியாக வேண்டும். மாற்றுமுன் இருப்பதை முழுக்கப் பிரதி எடுப்பதென்றால் அந்த இணைப்பில் ஒரு நாள் போகும். மின்சாரம் அரை நாள்கூடத் தொடர்ந்து இருப்பதில்லை. உள்ளூர்க் கோப்புறையைத் திறந்தாள். முதல் கோப்பின் தலையில் அவர் பெயர் இருந்தது. கண்ணீரில் மிச்சம் தெரியவில்லை. எடுத்து வைத்தேன் என்று சொன்னவர் வைத்திருப்பார், உயிரோடு இருக்கும்போது சந்தேகப்பட்டது போதும் என்று நினைத்தாள். நினைத்த மறுகணம், இருக்கும்போது என்று நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு பதிப்பை மாற்றும் பொத்தானை அழுத்தினாள்.

விடிந்தபோது மூதூர்ப் பாதைக்காகக் காத்திருந்த நாற்பத்தொரு கட்டளையும் ரத்தாகியிருந்தன. உள்ளூரில் அவள் கண்டது அவருடைய வேறொரு பழைய கோப்பு; மையத்திலிருந்து அவர் ஒன்றையும் எடுத்து வைத்திருக்கவில்லை. அவர் கடைசியாக எழுதிய நாலு வரியையும் தன் கையாலேயே அழித்துவிட்டாள்.

அவள் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிற ஆதம்பாவா மத்தியானமே வந்துவிட்டார். பரவாயில்லை, பொருள் கேட்ட ஆட்களோடு தான் கதைப்பதாகச் சொன்னார்.

"அவர் எனக்குப் பொய் சொல்லிப்போட்டார், நானா" என்றாள் சீதேவி. "கேக்கிறதுக்கும் ஆளில்லை."

பெரியவர் ரத்தான கட்டளைகளின் பட்டியலை வாங்கிக்கொண்டு எழும்பிப் போனார்.

அவள் அந்த வரிகளைத் திரும்ப எழுதினாள், சட்டப்படி உள்ளூருக்குள். எத்தனை நாள் காத்திருப்பது என்ற இடம் வந்ததும் கை நின்றது. அவர் முப்பது என்று வைத்திருந்தார். அவர் போய் அன்றைக்கு நூற்றுப் பன்னிரண்டாம் நாள். சீதேவி அந்த இடத்தில் எண் எதையும் போடவில்லை. பாதை திறக்கும் வரைக்கும் என்று மட்டும் எழுதிச் சேமித்தாள்.