மூச்சுப் பயிற்சி

துபாய் வேலையை விட்டு வந்த என் கணவர், என் கோபம்தான் வீட்டின் ஒரே பிரச்சினை என்று கண்டுபிடித்தார். விடியும் முன்பே ரப்பர் மரங்களில் பால் வெட்டுவது, சமைப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, திரும்பப் போய்ப் பால் எடுத்து, அதை உறையவைத்து ரப்பர் ஷீட்டாக அடிப்பது எல்லாம் நான். கோபம் வந்தால் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட வேண்டுமாம். போனில் பார்த்தாராம். நானும் நிஜமாகவே முயன்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

அன்று பேச்சிப்பாறைப் பக்கம் வானம் இருண்டது. பாதித் தோட்டத்தில்தான் பால் எடுத்திருந்தேன். மற்ற மரங்களில் பால் வடியக் கட்டிய தேங்காய்ச் சிரட்டைகள் நிறைந்து நின்றன. மழை விழுந்தால் அத்தனையும் போய்விடும்.

"ஒரு வாளி எடுத்துட்டு வாருங்க, மழ வருது!" என்று கத்தினேன்.

புது ஷூவோடு தோட்டம் பார்க்க வந்திருந்த கணவர் அசையவில்லை. "ஏட்டி, மறுபடியும் கத்துதியா? மொதல்ல கண்ண மூடு. மூச்ச இழு."

மூடினேன். அந்த முட்டாள்தனத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கண்ணைத் திறந்தபோது மழை மரம் வழியே இறங்கி, சிரட்டைப் பாலையெல்லாம் வழித்துக்கொண்டு ஓடியது.

"நீ கொஞ்சம் வெள்ளன வந்திருக்கணும்," என்றார்.

என் வாளிப் பாலை அப்படியே அவர் ஷூவில் கவிழ்த்தேன்.

மாலைவரை முற்றத்தில் உட்கார்ந்து, உறைந்த பாலை உரித்து உரித்து என்னைத் திட்டினார். பக்கத்தில் போய்ச் சொன்னேன்: "மூச்ச இழுத்து விடுங்க."

இப்போது நான் எழும்பும்போதே இன்னொரு வாளியை அவர் கட்டிலருகே வைத்துவிடுகிறேன். அது அங்கேயே கிடந்தால், ஊர் கேட்கக் கத்துகிறேன்.