தண்ணீர் காணாத பொம்மைகளும் ஒரு டப்பா தட்டையும்

பெண்ணின் அம்மாவை மியூசியத்தில் வைத்துச் சந்தித்த மாப்பிள்ளையின் அம்மா, இந்தத் திருவனந்தபுரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். காரணம் இல்லாமல் இல்லை. சம்பந்தம் பேசி முடிகிறவரை இரண்டு பக்கத்தாரும் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைப்பதில்லை என்பது எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வழக்கம். ஒரு வாய் காப்பி குடித்தாலும் சம்மதம் சொன்னதாக ஆகிவிடும். வீட்டுக்கு வந்தவரைப் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் உட்கார வைக்க என்னால் ஆகாது. அதனால் வீடு வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

என் மகனும் அந்தப் பெண்ணும் ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் ஒரே கம்பெனியில் வேலை செய்கிறார்கள். இருவருக்கும் பிடித்துப்போய் ரொம்ப நாளாயிற்று. பெண்ணின் அப்பா சரி என்றுவிட்டார். அம்மாதான் பிடி கொடுக்கவில்லை. சர்க்கார் ஆபீசில் பெரிய நாற்காலியில் இருந்து ரிட்டயர் ஆனவர். “மாப்பிள்ளையோட அம்மாவ நான் தனியாப் பாக்கணும், பொறவு சொல்லுதேன்” என்றாராம்.

“மியூசியத்தில வெளிநாட்டுச் சாமான்லாம் கொண்டுவந்து வச்சிருக்காங்கம்மா. ரெண்டு பேரும் அதப் பாத்துக்கிட்டே பேசுங்க” என்றான் மகன். பிள்ளைகள் இருவரும் கூடிப் பேசி வைத்த ஏற்பாடு.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாலைக் கடைத்தெருவில் கயிறும் வாளியும் விற்கிற கடை எங்களுடையது. வீட்டுக்காரர் போன பிறகு அதை ஒற்றை ஆளாக நடத்தினேன். மலையாளத்தில் என்னிடம் பேரம் பேசி ஜெயித்துப் போனவர்கள் குறைவு. ஆனால் எழுத்து என்று வந்தால் தமிழ் மட்டும்தான், அதுவும் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பேன். மலையாள எழுத்து எனக்குப் பிழிந்து வைத்த ஜாங்கிரி. இங்கிலீஷ் அதுகூட இல்லை. எழுபது வயதுவரை இதற்காக நான் தலை குனிந்ததில்லை. அன்றைக்குத்தான் அது உறுத்தியது. ‘வாசிக்கத் தெரியாத வீட்டிலா நம் பெண்ணைக் கொடுப்பது’ என்று அந்த அம்மாள் நினைத்துவிட்டால்? அந்தப் பெண்ணைத் தவிர வேறு யாரையும் என் மகன் கட்டமாட்டான். அவன் சாப்பிடுகிற லட்சணத்திலேயே அது தெரிந்தது.

நல்ல சுங்கடிச் சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டேன். பையில் ஒரு டப்பா தட்டை வைத்தேன். கொடுக்கக் கூடாது என்று தெரியும். வெறுங்கையோடு ஒரு மனுஷியைப் பார்க்கப் போக மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அவர் எனக்கு முன்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்தார். ஒல்லியான உடம்பு, விறைத்த காட்டன் சேலை, கையில் குடை.

“வாங்க. மழை வாறதுக்குள்ள உள்ள போயிருவோம்” என்றார்.

முதல் அறையில் காசுகள். கண்ணாடிப் பெட்டிக்குள் கறுப்புத் துணி விரித்து, தங்கக் காசுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சீட்டு. பாதி ஜாங்கிரி, பாதி இங்கிலீஷ்.

“நீங்களே வாசிச்சுச் சொல்லுங்க” என்றேன், ரொம்ப மரியாதையாக.

“சே, நீங்க சொல்லுங்க. எனக்குக் கேட்டுக்கிட்டே பாக்கதுதான் பிடிக்கும்.”

சோதிக்கிறார் என்று நினைத்தேன். விடுவேனா? காசை உற்றுப் பார்த்தேன். ஒரு ராஜா முகத்தை நேராக வைத்து முழித்துக்கொண்டிருந்தார். கிரீடத்தில் சிலுவை. கையில் ஒரு உருண்டை, அதன் மேலேயும் சிலுவை. தலைக்கு மேலே இரண்டு ஓட்டை.

“வேதக்கார ராஜா ஒருத்தர், கோயில் கட்டினப்ப அடிச்ச காசு. பொறவு நம்ம பொம்பளைங்க ஓட்டை போட்டுக் காசுமாலை கோத்திருக்காக” என்றேன்.

அவர் மூக்கு பெட்டியில் முட்டுகிறாற்போல் குனிந்து பார்த்தார். தள்ளி நிற்கும்படி காவல்காரர் சைகை காட்டினார். “ஆமா, அப்படித்தான் எழுதியிருக்கு” என்றார் நிமிர்ந்து.

எனக்கே ஆச்சரியம். இவ்வளவு காலம் இந்தத் திறமையை வைத்துக்கொண்டு கயிறு விற்றேனே!

அந்தக் காசை மட்டும் உயர்த்தி, அடியில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்திருந்ததால் பின்பக்கமும் தெரிந்தது. நீள அங்கி போட்டு, கையில் கம்போடு ஓர் உருவம்.

“இது ராஜாவோட பொண்டாட்டி” என்றார் அவர்.

பொண்டாட்டியின் முதுகில் என்னவோ விரிந்திருந்தது. சேலைத் தலைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். “அப்படித்தான் போட்டிருக்கு” என்றேன் நானும்.

இன்னொரு வரிசைக் காசுகள் எண்ணெயில் போட்ட அப்பளம்போலக் குழிந்திருந்தன. அதற்கு எனக்குக் கதை கிடைக்கவில்லை. “ரொம்பப் பழசுல்லா, வளைஞ்சு போச்சு” என்றேன். அவர் அதற்கும் தலையாட்டினார். இடையில் கடையைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். அவர் ஆபீசில் கோப்பைத் தொலைத்துவிட்டு மழைமேல் பழி போட்ட ஆள் கதையைச் சொன்னார், சிரித்தேன். இப்படியே போனால் பாஸாகிவிடலாம் என்று தைரியம் வந்தது.

அடுத்த அறையில் மரப் பொம்மைகள். அடடா, பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. சிவப்பும் பொன்னிறமுமாக எருமை, ஏர் பிடிக்கிறவன், வாத்துக் கூட்டம், ஒரு வாத்தைக் கவ்விக்கொண்டு ஓடப் பார்க்கும் நரி. முன்னால் ஒரு தொந்திக்காரன். சட்டையைத் திறந்துவிட்டு, தலையில் இரண்டு குடுமியோடு, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். மீன் மலிவாகக் கிடைத்த முகம். இடுப்புக்குக் கீழே மட்டும் எல்லாருக்கும் சாயம் மங்கியிருந்தது.

“கொலு பொம்மை” என்றார் அவர்.

“வெளிநாட்டுக் கொலு. கீழ்ப் படில வச்சது போல, அதான் ஈரம் ஏறிச் சாயம் போயிருக்கு” என்றேன்.

பக்கத்தில் இரண்டு காலேஜ் பெண்கள் நின்றார்கள். ஒருத்தி எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுக் குனிந்து சீட்டைப் பார்த்தாள். நல்ல பிள்ளை, எங்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று சத்தமாக வாசித்துவிட்டாள். மலையாளம் காதில் விழுந்தால் எனக்குத் தடையே இல்லையே! வியட்நாம் நாட்டுப் பொம்மைகளாம். குளத்துத் தண்ணீரில் ஆட்டுகிறவையாம். ஆட்டுகிறவர்கள் இடுப்பளவு தண்ணீரில் திரைக்குப் பின்னால் மறைந்து நின்று, தண்ணீருக்கடியில் நீட்டிய கழியால் ஆட்டுவார்களாம். இப்போது ஒரு சொட்டு ஈரமும் படக்கூடாது என்று பெட்டிக்குள் காற்றைக்கூட உலர வைத்திருக்கிறார்களாம்.

“கொலுவல்ல அம்மே” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தொந்திக்காரன் அதே சிரிப்போடு எங்களைப் பார்த்தான்.

“நீங்க வாசிச்சுத்தான் சொல்லுதீகன்னுல்லா நெனச்சேன்” என்றார் அவர், மெதுவாக.

“நான் நீங்க வாசிச்சீகன்னு நெனச்சேன்.”

இனி மறைப்பதில் என்ன இருக்கிறது? முதுகை நிமிர்த்திக்கொண்டேன். “எனக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் வரும். மலையாளம், இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனா கடைல ஒருத்தன்கிட்ட ஏமாந்ததில்ல. சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன்.”

அவர் குடையின் கைப்பிடியைத் திருகினார். “எனக்கு வாசிக்கத் தெரியும், கண்ணு தெரியாது. ஒரு கண்ணு ஆபரேசன் ஆச்சு, இன்னொண்ணு பாக்கி. சோடாப் புட்டிக் கண்ணாடி. அதப் போட்டுட்டு வந்தா, கிழவிய வேற சேத்துல்லா நம்ம தலைல கட்டுதாகன்னு நீங்க நெனச்சிருவீகளோன்னு வீட்டுலயே வச்சுட்டேன். அந்தக் காசுல எனக்கு மஞ்சளாத் தெரிஞ்சதே தவிர ஒண்ணும் தெரியல.”

“அப்ப ராஜா பொண்டாட்டி?”

“நீளமா ஏதோ தெரிஞ்சுது.”

சிரிப்பை அடக்க முடியவில்லை. காவல்காரர் திரும்பிப் பார்த்தார். அந்தக் காலேஜ் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் காசு அறைக்குக் கூட்டிப்போய், சீட்டுகளை முதலிலிருந்து வாசிக்கச் சொன்னோம். கடலுக்கு அப்பால் பைசாந்தியம் என்று ஒரு ராஜ்யமாம். ராஜாவின் பொண்டாட்டி, சிறகு விரித்த தேவதையாம். அப்பளக் காசு பழசாகி வளையவில்லை, அடிக்கும்போதே குழித்து அடித்ததாம். ஓட்டை மட்டும் நான் சொன்னதுதான்: நகையாகக் கோத்து மாட்ட நம் தெற்குச் சீமையில் போட்டது.

“அதச் சரியாச் சொல்லிட்டீகளே” என்றார்.

“கழுத்தில போடுதது தெரியாமப் போகுமா?”

மழை விடுகிறவரை வராந்தாவில் உட்கார்ந்தோம். மகனிடமிருந்து போன் வந்தது. “என்னம்மா, என்னாச்சு?” பின்னால் ஒரு பெண் குரல் குசுகுசுவென்று என்னவோ சொல்லிக்கொடுத்தது. திரைக்குப் பின்னால் கழி பிடித்து எங்களை ஆட்டியவர்கள் கழக்கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

“இரு” என்று சொல்லிப் போனை மடியில் வைத்தேன். அவர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. மழையைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார்.

“காசு பாத்த எடத்துலயே பெருங்காய வாசம் வந்துச்சு. கண்ணுதான் போச்சு, மூக்கு நல்லாருக்கு” என்றார். “அந்த டப்பாவத் தொறங்க.”

அந்தக் கை நனைக்காத வழக்கம் அவருக்கும் தெரியும். திறந்து நீட்டினேன். ஒன்றை எடுத்து, பாதியாக உடைத்து, நிதானமாக மென்றார்.

“ஒரு கல்லு உப்புக் கொறவு, மதினி” என்றார்.

என் தட்டையில் இதுவரை ஒருத்தரும் குறை சொன்னதில்லை. சம்பந்தியானால் சொல்லலாம். போனை எடுத்து, “நாள் பாக்கச் சொல்லுல” என்றேன்.